பாடினால்தான் இங்கிலீஷ்

இங்கிலீஷில் ராகம் போட்டுத் தண்ணீர் கேட்டால் கேட்டுவிட்டுப் போகிறேன், உனக்கென்ன வந்தது? எங்கே படித்தாய், யார் சொல்லிக்கொடுத்தார் என்று போலீஸ்காரி மாதிரி குடைகிறாய். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க இங்கிலீஷ் படிக்கிற பேத்திக்கு, இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட ஆயாவின் இங்கிலீஷ் எதற்கு? சரி, நீ விட மாட்டாய். உட்கார். நடுவில் சிரித்தால் எழுந்து போய்விடுவேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மந்தாரக்குப்பத்தில் எங்கள் வீடு. அப்பாவுக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் கூலி. நிலக்கரியை ஏற்றிக்கொண்டு ஓடுகிற பெல்ட்டின் அடியில் சிந்திக் கிடப்பதை வாரிப் போடுகிற வேலை. அம்மாவிடம் ஒரே ஒரு மாடு இருந்தது. காலையில் பால் கேனைத் தூக்கிக்கொண்டு மைன்ஸ் ஆபீசர்கள் குடியிருந்த டவுன்ஷிப்புக்குள் போய் ஐந்து குவார்ட்டர்ஸுக்கு ஊற்றிவிட்டு வருவது என் பொறுப்பு.

கடைசி வீடு ஒரு கேரளத்து அம்மாவுடையது. வீட்டுக்காரர் மைன்ஸில் ஆபீசர். நான் போகிற நேரத்தில் ஷிப்டில் இருப்பார், முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. உள்ளே ஆர்மோனியம் கேட்கும். அந்த அம்மா இங்கிலீஷில் ஒரு வரி பாடுவார், ஆறு வயது மகன் திருப்பிப் பாடுவான். ரேடியோவில் வருகிற பாட்டில்லை அது. ஷிப்டு சங்கு ஊதும். அது மேலே ஏறி வழுக்கி இறங்குகிற அதே இழுப்பில் ‘ஃபாதர் ஈஸ் கமிங்’ என்று இரண்டு பேரும் பாடுவார்கள். குழாய் சொட்டுகிற தாளத்துக்கு ‘வெயிட் எ மினிட்’. தூரத்தில் பெல்ட் உருளுகிற இரைச்சலுக்கு ‘வேர் டூ யூ லிவ்’. ஒருநாள் நான் கேன் மூடியால் கதவைத் தட்ட, அந்தத் தட்டலையே பிடித்துக்கொண்டு ‘ஹூ ஈஸ் தேர், ஹூ ஈஸ் தேர்’ என்று உள்ளிருந்து பாட்டு வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நான் தட்டிய தட்டு, கதவுக்கு அந்தப் பக்கம் போய் இங்கிலீஷாகத் திரும்பி வருகிறது! ஊரையே எழுப்புகிற சங்குக்குள் இப்படி ஒரு வாக்கியம் குடியிருந்தது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று வாயைப் பிளந்து நின்றேன்.

அந்த அம்மா என்னைப் படியில் உட்கார வைத்து, ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் சொன்னார். வீட்டுக்குத் தெரியாமல் அரைக் கரண்டி பால் கூடுதலாக ஊற்றினேன்; அதுதான் நான் கட்டிய பீஸ். பையன்தான் என்னோடு ஒரு வார்த்தை பேச மாட்டான். பெயரைக் கேட்டால் உதட்டை இறுக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிடுவான். ஆபீசர் மகன், திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கிலீஷ் என்றால் பாடித்தான் சொல்ல வேண்டும், பேசினால் செல்லாது என்று நானாக முடிவு கட்டிவிட்டேன். இல்லை என்று சொல்ல எங்கள் தெருவில் இங்கிலீஷ் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது.

அப்போதுதான் அப்பாவைப் பர்மனென்ட் வேலைக்கு இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். மூன்றாவது முறை. முன்பு இரண்டு முறையும் பெயரையும் ஊரையும் இங்கிலீஷில் கேட்க, அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வந்திருந்தார். இதையும் விட்டால் வயது தாண்டிவிடும். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்:

“இந்த வாட்டியும் வாய மூடிக்கினு வந்தீங்கன்னா, குடும்பத்தோட பண்ருட்டிக்குப் போயி முந்திரிக்கொட்ட ஒடைக்க வேண்டிதான். அந்தக் கொட்டப் பாலு பட்டு வெரல் வெந்தா வாய் தானா தொறக்கும்.”

நான் கற்றுத் தருகிறேன் என்றேன். அப்பா சிரித்தார், பிறகு சிரிப்பை விட்டுவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். பத்து நாள் பாடினோம். பெல்ட் சத்தம் அப்பாவுக்குத் தூக்கத்திலும் கேட்கும். அதனால் ‘ஐ லிவ் இன் மந்தாரக்குப்பம்’ சட்டென்று படிந்துவிட்டது. பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா, உங்கப்பன் கூத்தில் சேர்ந்துவிட்டானா என்று வேலிக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டாள்.

இன்டர்வியூவில் நடந்ததை அப்பா வந்து சொன்னபடி சொல்கிறேன். மேசைக்குப் பின்னால் மூன்று ஆபீசர்கள். நடுவில் இருந்தவர் பெயரைக் கேட்டார். அப்பா தொண்டையைக் கனைத்து, கண்ணை மூடி, ‘மை நேம் ஈஸ் கோவிந்தன்’ என்று முழு ராகத்தோடு பாடினார். ஒருவர் குனிந்து சிரித்தார். நடுவில் இருந்தவர் கிட்டே கூப்பிட்டு வாயை ஊதச் சொன்னார். குடிக்கவில்லை என்று தெரிந்ததும் இன்னும் குழம்பிப்போய், ஏன்யா பாடுகிறாய் என்று தமிழிலேயே கேட்டார்.

“எம் பொண்ணு இப்டித்தாங்க கத்துக் குடுத்துச்சி. பால் ஊத்தற வூட்ல கேட்டுக்கினு வந்துச்சிங்க.”

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட மணியில் கை வைத்தார். அப்போது ஓரத்தில் இருந்த மூன்றாவது ஆபீசர் பேனாவைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை. அப்பாவைப் பார்த்து, பெல்ட் உருளுகிற அதே தாளத்தில், மெல்லப் பாடினார்: “வேர் டூ யூ லிவ்?”

அப்பா பிசகாமல் பாடி பதில் சொன்னார். அவர் அடுத்ததைப் பாடிக் கேட்டார், அப்பா அதற்கும் பாடினார். மற்ற இருவரும் எழுத மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

முடிந்ததும் அந்த ஆபீசர் வராந்தாவுக்கு வந்து அப்பாவின் தோளைத் தொட்டார். “என் மோனுக்குப் பேச்சு திக்கும். தன் பேரைக்கூடச் சொல்ல முடியாது. பாடினா திக்காது, அதான் அவன் அம்மா எல்லாத்தையும் பாட்டாக்கி வெச்சிருக்கா. வெளியில தெரிஞ்சா பசங்க கேலி செய்யும்.”

மறுநாள் பால் ஊற்றப் போனபோது பையன் வாசலில் நின்றான். சங்கு ஊதியது. அவன் பாடினான், ஒரு எழுத்துகூட இடறாமல். அன்றைக்குக் கதவைத் தட்டிவிட்டுச் சிலிர்த்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஒரு வார்த்தையைக் கடக்க அந்தப் பிள்ளைக்கு ஒரு சங்கே துணைக்கு வர வேண்டியிருக்கிறது, வருகிறது, அவனும் கடந்துவிடுகிறான். கேனை இறக்கி வைக்கத் தோன்றாமல் நின்றேன்.

பிறகு அவர்கள் மாற்றலாகிப் போனார்கள். அந்த வரிசைக் குவார்ட்டர்ஸையும் இடித்தாயிற்று. அதனால்தான் இப்போது உன்னிடம் சொல்கிறேன். அப்போது மூச்சு விடவில்லை. அப்பாவுக்குப் பர்மனென்ட் ஆர்டர் வந்த அன்று தெருவே எங்கள் வாசலில் கூடியது. இன்டர்வியூ அறைக்குள் ஆபீசரும் பாடியதை வெளியே வரிசையில் நின்ற யாரோ கேட்டுவிட்டிருக்கிறார்கள். அவர் எதற்கடி பாடினார் என்று அஞ்சலை அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் முகத்தைக் கொஞ்சமும் அசைக்காமல் சொன்னேன்:

“பேசற இங்கிலீஷு கான்ட்ராக்ட்டுக்குத்தான்க்கா. பர்மனென்ட்டுன்னா பாடணும்.”