தெருவுக்கு ஒரு படி கீழே

அந்தத் தையல்காரியை வீட்டில் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். உட்கார்ந்து செய்கிற தொழில்தான். ஆனால் ஒரு சட்டைக் கையை மூட்டி முடிப்பதற்குள் மூன்று முறை எழுந்து வாசலை எட்டிப் பார்ப்பாள். அந்த வாரம் பம்பரம் நிற்கவே இல்லை.

மாமனார், பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அவர் கட்டிலைக் கீழே, அவளுடைய தையல் அறையில் போட்டார்கள். போன பெருமழையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற அறை.

“அது பழைய கதை,” என்று கணவன் கைபேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். வெள்ள அபாய வரைபடத்தைப் புதுப்பித்திருந்தார்கள். முன்பு நீலமாகக் கிடந்த அவர்கள் தெரு இப்போது பளிச்சென்று வெள்ளை. “பாத்தியா? புது வடிகால் போட்டாச்சு, ரோட்டை உசத்தியாச்சு. இனிமே ஆபத்து இல்ல.”

“ரோட்டைத்தானே உசத்தினாங்க? நம்ம வீட்டையா உசத்தினாங்க?”

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். போய் மெஷினப் பாரு.”

அவள் மெஷினைப் பார்க்கவில்லை. மறுநாள் வரைபடம் போட்ட அலுவலகத்துக்கே போய்விட்டாள். அங்கிருந்த இளம் பெண் பொறியாளர், இவள் சொன்னதை முகம் சுளிக்காமல் காதுகொடுத்துக் கேட்டாள்.

“முன்னாடி ரெண்டு படி ஏறி வீட்டுக்குள்ள போவோம்மா. ரோடு போட்டுப் போட்டு, இப்ப ஒரு படி இறங்கிப் போறோம்.”

பொறியாளர் திரையைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தாள். “தெருவோட உயரத்தத்தான்க்கா கணக்குல எடுத்திருக்கோம். உங்க தரையை யாரும் அளக்கல. தப்பா இருக்கலாம். ஆனா தப்புதான்னு நான் இப்ப சொல்ல முடியாது. ஆள் வந்து அளக்கணும். அது மழைக்காலம் முடிஞ்சாத்தான் நடக்கும்.”

வீட்டில் இதைச் சொன்னதும் கணவன் சிரித்தான். “இருக்கலாம்னுதானே சொன்னாங்க?”

“ஆமாங்க.”

“தப்புன்னு சொல்லலயே?”

வடிகால் உண்மையிலேயே தண்ணீரை வாங்கிக்கொண்டால்? எலும்பு ஒட்டிவரும் நேரத்தில் மாமனாரை மாடிக்குத் தூக்கப் போய், நாமே அதைக் கெடுத்துவிட்டால்? தண்ணீர் பயத்துக்கும் எலும்பு பயத்துக்கும் நடுவில் கை சும்மா இருக்க மறுத்தது. பரணிலிருந்த பழைய படுதாத் துணியை இறக்கி, ஆள் நீளத்துக்கு வெட்டி, மடித்து, மூலைக்கொரு கைப்பிடி வைத்துத் தைத்தாள். ஊசி இரண்டு முறை உடைந்தது.

மாமனார் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். “ஏம்மா, இந்த வயசுல எனக்குத் தூளியா? தாலாட்டு யாரு பாடுவா?”

“உங்க புள்ளை பாடுவாரு, மாமா.”

“அவன் பாடினா இருக்கிற தூக்கமும் போயிடும்.”

தைத்து முடித்த இரண்டாம் நாள் பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. அவள் வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தாள். வடிகால் முதலில் மளமளவென்று விழுங்கியது. பிறகு மூச்சுத் திணறியதுபோல் குமிழி விட்டது. சாலையில் நீர் கணுக்காலைக்கூட எட்டவில்லை. ஆனால் அதில் ஒரு கோடு பிரிந்து, அவர்கள் படியில் இறங்கி, அறைக்குள் வந்து, கட்டில் காலைச் சுற்றிக்கொண்டது.

கணவன் கைபேசியைப் பார்த்தான். தெரு இன்னமும் வெள்ளையாகவே இருந்தது.

“அதையே பாத்துட்டு நிக்கிறியேடா, அந்தப் படத்துக்கு நீச்சல் தெரியுமா?” என்றார் கிழவர். “அம்மா, தூளியக் கொண்டா.”

எதிர்வீட்டு மெக்கானிக்கும் அவர் தம்பியும் ஓடிவந்தார்கள். நாலு மூலைக்கு நாலு பேர். கணவன்தான் தலைமாட்டைப் பிடித்தான். மாடியின் முதல் படியில் துணி முறுக்கிக்கொண்டு கிறீச்சிட்டது. அவளுக்குத் தண்ணீர் மறந்துபோனது, கண்ணெல்லாம் தையல்மேல்.

“ரெட்டைத் தையல்தானே?” என்று மூச்சிரைக்கக் கேட்டான் கணவன்.

“மூணு போட்டிருக்கேங்க. பேசாம ஏறுங்க.”

“போலாம் ரைட்!” என்றார் மாமனார், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே.

மாடியில் படுக்க வைத்ததும் கணவன் கீழே இறங்கினான். தண்ணீரில் நின்றபடி அவளுடைய தையல் மெஷினின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்த்தான்.

“ஏ பம்பரம், அந்தப் பக்கம் பிடி.”