ஐம்பத்தெட்டு விநாடிப் பேச்சு

1. தேசிய மாநாட்டுக்கு ஒரு நிமிட விளம்பர வீடியோ தயாரிக்கும் வேலையை மாநாட்டுக் குழு எனக்குக் கொடுத்தது.
2. திக்குவாய்ப் பயிற்சிக்கு என்னிடம் வந்துகொண்டிருந்த ஒருவர் அதில் பேச ஒப்புக்கொண்டார்.
3. மாநாட்டுக்கு வரும்படி அழைத்து அவர் இரண்டு நிமிடம் நாற்பது விநாடி பேசினார்.
4. நான் அதை ஐம்பத்தெட்டு விநாடியாக வெட்டினேன். ஒரு வார்த்தைகூட விட்டுப்போகவில்லை.
5. வெளியான மூன்றாம் நாள் வீடியோ அவருடைய அக்காவின் போனுக்குப் போனது. அங்கிருந்து, அவருக்குக் கல்யாணம் பேசியிருந்த பெண்ணின் வீட்டுக்குப் போனது.

வார்த்தை எதுவும் விட்டுப்போகவில்லை என்றால் வெட்டியது என்ன என்று கேட்கலாம். அவர் திக்கிய இடங்களை வெட்டினேன்.

நான் ஸ்பீச் தெரபிஸ்ட். பழங்காநத்தத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் என் பயிற்சி அறை இருக்கிறது. எங்கள் துறையின் தேசிய மாநாடு முதல் தடவையாக மதுரைக்கு வருகிறது என்பதில் எங்கள் எல்லோருக்கும் பெருமை. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் அரங்கம் பிடித்தாயிற்று. பந்தல், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் என் பட்டியலில் ஒவ்வொன்றாக முடிந்துகொண்டே வந்தன. பதிவு மட்டும் மந்தமாக இருந்தது. மாநாட்டுச் செயலாளர் துறையில் மூத்தவர். அவர்தான் வீடியோ யோசனையைச் சொன்னார்.

“ஏம்மா, போஸ்டர எவன் பாக்குறான்? பயிற்சி எடுத்த ஆளே வந்து பேசணும். ஒரு நிமிசம். அதுக்கு மேல போனா தள்ளிவிட்டுட்டுப் போயிருவான்.”

என் மனதில் உடனே வந்தவர், என்னிடம் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த அவர்தான். முப்பத்தொரு வயது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். பேரையூர்ப் பக்கத்துக் குடும்பம். பெற்றோர் வெகுகாலம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்து, பிறகு சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கியவர்கள். எட்டு மாதமாகச் சனிக்கிழமை தவறாமல் வந்தார். பயிற்சியின் நோக்கம் என்ன என்று முதல் நாள் நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் கோப்பில் அப்படியே இருக்கிறது: “பொண்ணு பாக்கப் போற வீட்டுல, எனக்குத் திக்கும்ங்கிறத நானே முதல்ல சொல்லணும்.”

அதற்குக் காரணம் உண்டு. முன்பு ஒரு சம்பந்தத்தில் அக்காவே எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டார். பிறகு இவர் போனில் பேசியபோது விஷயம் தெரிந்து, மறைத்துவிட்டார்கள் என்று பெண் வீட்டார் விலகிப் போனார்கள். அதனால் அந்த ஒரு வாக்கியத்தைப் பழகினோம். முதலில் என்னிடம் சொன்னார், பிறகு கீழே மருந்துக்கடைக்காரரிடம். ஒரு நாள் பஸ் கண்டக்டரிடமே சொல்லிவிட்டு வந்தார். “அதுக்கென்னண்ணே, சில்லறையா மட்டும் குடுங்க” என்றாராம் கண்டக்டர். அன்று இருவரும் ரொம்ப நேரம் சிரித்தோம். இப்போது புதிதாக ஒரு சம்பந்தம் பேசியிருந்தார்கள்; அங்கே அவர் இன்னும் அதைச் சொல்லியிருக்கவில்லை, வீடியோவிலும் அந்த வாக்கியம் இல்லை.

திக்கும்போது வாய் தயாராக இருக்கும், குரல் வராது. ஒலி வரைபடத்தில் அந்த நிறுத்தம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மில்லி விநாடி கணக்கில் எனக்குப் பார்க்கத் தெரியும். அளந்து குறித்துக்கொள்வதற்காகக் கற்ற வித்தை அது. அன்று அதே வித்தையை வெட்டுவதற்குப் பயன்படுத்தினேன். மூச்சோடு மூச்சு சேரும்படி ஒட்டினேன். படம் தாவுகிற இடங்களைப் பயிற்சி அறைப் படங்களால் மூடினேன். வேறு யார் செய்திருந்தாலும் ஒட்டுத் தெரிந்திருக்கும். முடித்துவிட்டுப் பார்த்தபோது எனக்குத் திருப்தியாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஒப்புதல் படிவத்தில் ‘நீளம் கருதிச் சுருக்கப்படலாம்’ என்று இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். வெட்டியதை அவரிடம் காட்ட எனக்குத் தோன்றவே இல்லை. பதிவுகள் வரத் தொடங்கின. செயலாளர் “பிரமாதம்மா” என்றார்.

அக்கா போன் செய்தார்.

“டாக்டரம்மா, எங்கம்மா போட்டுப் போட்டுப் பாத்து அழுகுறாங்க. பொண்ணு வீட்டுக்கும் அனுப்பிட்டேன், அவுகளுக்கும் அம்புட்டு சந்தோசம். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அங்க இம்புட்டு அழகாப் பேசுறவன் வீட்டுக்கு வந்தா மட்டும் ஏன் இழுக்குறான்? எங்ககூடப் பேசப் பிடிக்கலையாமா அவனுக்கு?”

“அக்கா, அது வெட்டின வீடியோ. அவர் பேசினது அப்படி இல்ல.”

“இருக்கட்டும் டாக்டரம்மா. பேசுனது அவந்தான?”

அந்தச் சனிக்கிழமை அவர் வந்து, பையைத் தோளிலிருந்து இறக்காமலே உட்கார்ந்தார். முந்தின நாள் பெண்ணின் அப்பா போன் செய்து பாராட்டினாராம். இவருக்கு வாய் திறந்தும் குரல் வரவில்லை. அவர் இரண்டு முறை ஹலோ சொல்லிப் பார்த்துவிட்டு, “பேரையூர்ப் பக்கம் டவரே கெடைக்காது மாப்ள, பெறகு கூப்புடுறேன்” என்று வைத்துவிட்டார். இவர் நின்றிருந்தது பழங்காநத்தத்தில், பரிசோதனைக் கூடத்துக்குள்.

இதை அவர் சொல்லி முடிக்க நேரம் ஆனது. காத்திருந்தேன். திக்குபவரின் வார்த்தையை நாம் முடித்துவைக்கக் கூடாது என்பது குடும்பத்தாருக்கு நாங்கள் சொல்லும் முதல் பாடம். அவருடைய அக்காவுக்கு அதை நானே மூன்று முறை சொல்லியிருக்கிறேன்.

“எங்கக்கா என் வார்த்தையத்தான் முடிப்பா, மேடம். நீங்க நான் நின்ன எடத்தையே எடுத்துட்டீங்க” என்றார்.

பெண் வீட்டாரிடம் நான் பேசட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம்.” அது திக்காமல் வந்தது.

திங்கட்கிழமை செயலாளரிடம் போனேன். வீடியோவை எடுத்துவிட வேண்டும், அவர் சம்மதித்தால் முழுப் பதிவையே போடலாம் என்றேன்.

“ரெண்டே முக்கா நிமிசமா? நம்ம பயிற்சி பலிக்கலன்னுல்ல பேசுவான்?”

“பாக்குறவங்க எல்லாம் ஸ்பீச் தெரபிஸ்ட்தான சார். காத்திருக்கத் தெரிஞ்சவங்க.”

“காத்திருக்கிறதெல்லாம் கிளினிக்ல, தாயி. வாட்ஸ்அப்புல இல்ல.”

பிறகு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எடுத்துவிடச் சொன்னார். எங்கள் வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து எடுத்தேன். அதற்குள் எத்தனை பேர் யார் யாருக்கு அனுப்பியிருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் அக்காவிடம்கூடச் சொல்லாமல், உசிலம்பட்டிப் பக்கம் இருக்கும் பெண் வீட்டுக்குத் தனியாகப் போயிருக்கிறார். அக்கா போனில் கத்தியதிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது.

“தட்டு மாத்தப்போற நேரத்துல இவனாப் போயி எனக்குத் திக்கும்னு சொல்லிட்டு வந்திருக்கான். அத ஒண்ணச் சொல்லி முடிக்க எம்புட்டு நேரம் ஆச்சாம் தெரியுமா? அந்த மனுசன், ‘அப்ப வீடியோவுல பேசுனது யாரு?’ன்னு கேட்டுட்டாரு. நாங்க ஏமாத்துற குடும்பமா ஆயிட்டோம். ஒங்களுக்கு மாநாடு நல்லா நடக்கும், டாக்டரம்மா.”

எட்டு மாதம் பழகிய வாக்கியத்தை அவர் சொல்லிவிட்டார். யாரும் கேட்பதற்கு முன்னால் சொல்லியிருந்தால் அது அவருடைய நேர்மையாக இருந்திருக்கும். வீடியோ முந்திக்கொண்டதால், மாட்டிக்கொண்டவர் ஒத்துக்கொண்டதுபோல் ஆகிவிட்டது. அவர் கோப்பில் இதை எப்படிக் குறிப்பது என்று தெரியாமல் அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

வீடியோவை வெட்டியது நான், அது அவருக்குத் தெரியாது என்று கையால் ஒரு கடிதம் எழுதி, பரிசோதனைக் கூடத்துக்கே போய்க் கொடுத்தேன். பெண் வீட்டில் கொடுப்பதும் கிழித்துப் போடுவதும் உங்கள் விருப்பம் என்றேன். கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ரத்தம் கொடுக்கக் காத்திருந்த ஒரு பெரியவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாநாட்டுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. இருக்கைகள் நிறைந்துவிட்டன. பெண் வீட்டார் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கடிதம் அங்கே போனதா என்று எனக்குத் தெரியாது. அவர் இரண்டு சனிக்கிழமையாக வரவில்லை. வீடியோவுக்கு ஒப்புக்கொண்டபோதே தொடக்க விழாவிலும் அவர் பேசுவதாக இருந்தது; அதற்கு ஒதுக்கியிருந்த ஐந்து நிமிடத்தைச் செயலாளரிடம் கேட்டுப் பதினைந்தாக மாற்றி, அவருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டார். பதில் அனுப்பவில்லை.