தங்கத்தாய் போடாத கையெழுத்து

பத்தொன்பது வருடம் ஒரே வீட்டில் ஒன்றாக வாழ்ந்த மனிதரை, 'இவர் யாரென்று எனக்குத் தெரியாது' என்று எழுதிக் கொடுக்கச் சொன்னால் யாருக்குத்தான் வயிறு எரியாது? தங்கத்தாயிடம் அப்படித்தான் கேட்டார்கள். அதுவும் அவர் பிணவறையில் கிடக்கும்போது.

தங்கத்தாய் இலத்தூர்க்காரி. வயது ஐம்பத்து மூன்று. தாலி கட்டியவன் இரண்டாம் வருடமே திருப்பூருக்குப் பிழைக்கப் போய், அங்கே வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டான். முறைப்படி தீர்த்துவிடவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. ரேஷன் கார்டில் மட்டும் இன்றைக்கும் அவன்தான் குடும்பத் தலைவன். சில வருடம் அண்ணன் வீட்டுச் சோற்றைத் தின்று, அண்ணி பேச்சையும் தின்று, ஒருநாள் இரண்டு சேலையோடு குற்றாலத்துக்கு வந்து சேர்ந்தாள். லாட்ஜில் போர்வை துவைக்கிற வேலை. அங்கேதான் மாடனைப் பார்த்தாள்.

மாடன் சிவகிரிப் பக்கம். அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிடுகிற தொழில். மனைவி இறந்த பிறகு, நிலத் தகராறில் தம்பிமார் அடித்து விரட்டிய ஆள். அதிகம் பேசமாட்டார். கைதான் பேசும் என்பார்கள். மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வருகிறவர்கள் வருடம் தவறாமல் அவரைத் தேடி வந்து முதுகைக் காட்டி உட்காருவார்கள். குற்றாலத்தை ஒட்டிய பாறையடிப்புதூரில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்து இருவரும் வாழத் தொடங்கினார்கள். மேளம் இல்லை, பத்திரிகை இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

சென்ற ஆடியில் சாரல் பெருமழையாகி, அருவியில் பத்து நாள் குளிக்கத் தடை போட்டார்கள். மாடனுக்கும் வருமானம் இல்லை, காலியாகிப் போன லாட்ஜில் தங்கத்தாய்க்கும் வேலை இல்லை. பதினோராம் நாள் தடை நீங்கியது என்று கேள்விப்பட்டு எண்ணெய்ப் புட்டியோடு கிளம்பிய மாடன், பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆம்புலன்ஸ் தென்காசி போய்ச் சேருமுன்பே உயிர் போய்விட்டது. வழியில் விழுந்து இறந்ததால் போலீஸ் கேஸாகி, உடல் பிணவறைக்குப் போனது.

ஏட்டு இசக்கிப்பாண்டி நல்ல மனிதர். சிவகிரிக்கு அவரே போன் போட்டார். தம்பி எடுத்தான். "எங்களுக்கும் அவனுக்கும் தண்ணி தெளிச்சு வருசம் இருவதாச்சு சார்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

"ஏம்மா, கூட இருந்தவன்னு எழுதி உன் கையில ஒப்படைக்கதுக்கு நான் பாக்குதேன். ஆனா அடக்கம் பண்ணுததுக்கு வழி இருக்கா?" என்று கேட்டார் ஏட்டு.

வழி இல்லை. ஏற்கெனவே வட்டிக்கு வாங்கியாயிற்று. ஏழைகளை அடக்கம் செய்ய அரசாங்கப் பணம் உண்டு என்று யாரோ சொல்ல, பாறையடிப்புதூர் ஊராட்சி அலுவலகத்துக்கு ஓடினாள். மாடனோடு தொழில் செய்த ஆதம் துணைக்கு வந்தார்.

அங்கே இருந்தவர் எழுத்தர் விஜயசங்கர். பொறுமையாகத்தான் விளக்கினார். அந்தப் பொறுமைதான் தங்கத்தாய்க்கு இன்றும் ஆறவில்லை.

"குடும்பத்துக்கான உதவின்னா கார்டுல பேரு சேந்து இருக்கணும், வாரிசுச் சான்று வேணும். உங்க கார்டுல வேற பேருலா இருக்கு? இன்னொண்ணு, உரிமை கோராத உடலுக்கு உள்ள நிதி. நீங்க உரிமை கோரினா அதுவும் கிடையாது."

"அப்ப என்ன செய்யணும் சார்?"

அவர் ஒரு தாளை நீட்டினார். எல்லாம் அடித்துத் தயாராக இருந்தது. ஆறாம் வகுப்பு வரை படித்த தங்கத்தாய் எழுத்துக் கூட்டி வாசித்தாள். *இறந்தவர் எனக்கு எவ்வகையிலும் உறவினர் அல்லர். அவர் யாரென்று எனக்குத் தெரியாது.*

"இதுல ஒரு கையெழுத்து போட்டா நாங்களே எல்லாத்தையும் முடிச்சிருவோம். உங்களுக்கு ஒரு அலைச்சலும் இல்ல."

"எனக்குத் தெரியாதா? அவரை எனக்குத் தெரியாதா?" தங்கத்தாயின் குரல் கூரையில் போய் முட்டியது. "காய்ச்சல்ல கெடந்தப்போ எனக்குப் பீ மூத்திரம் அள்ளுன மனுசன் சார் அவரு! பச்சப் பொய்ய எழுதிக் குடுத்தாத்தான் குழி வெட்டுவியளோ? ஊருல உள்ள ஏழை பாழையெல்லாம் பொண்டாட்டி இல்ல, பிள்ளை இல்லன்னு எழுதிட்டுத்தான் சாவணுமா?"

"ஏம்மா கத்துதிய? ரூல்ஸ நானா போட்டேன்?"

"தங்கத்தாயி, போட்டுக் குடுத்துரு தாயி. கெடக்க ஒடம்பு நாறிப்போவும்" என்று ஆதம் மெல்லச் சொன்னார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. தங்கத்தாய் தாளை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சனியும் ஞாயிறும் அவள் சோறு பொங்கவில்லை. கையெழுத்துப் போடாமல் நாமே அவரைப் பிணவறையில் காக்க வைக்கிறோமோ என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஆனால் அந்த வரி நினைவுக்கு வரும்போதெல்லாம் உடம்பு பற்றி எரிந்தது.

திங்கட்கிழமை தென்காசி கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாள். தன் கையாலேயே எழுதிக் கொண்டுபோனாள். *நான் அவர் பொண்டாட்டி. அடக்கம் செய்ய வழி இல்லை. அவர் பேரோடு அடக்கம் செய்து தரவும்.* அவ்வளவுதான். மனுவை வாங்கிய பெண் அதிகாரி இரண்டு தடவை வாசித்தார். போனை எடுத்து யாரிடமோ, "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள முடியணும்" என்றார்.

முடிந்தது. மழைக்கு நடுவே ஊராட்சி ஆட்கள் குழி வெட்டினார்கள். எண்ணெய் தேய்க்கிறவர்கள் ஐந்து பேர் தூக்கினார்கள். குழியில் இறக்குமுன் ஆதம் உள்ளங்கை நிறைய எண்ணெய் எடுத்து மாடனின் இரண்டு பாதங்களிலும் அழுத்தித் தேய்த்தார். தங்கத்தாய் முதல் பிடி மண் போட்டாள். யாரும் தடுக்கவில்லை.

அதோடு விட்டார்களா? மூன்று வாரம் கழித்து இறப்புச் சான்று கேட்டுப் போனவளிடம் விஜயசங்கர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். *அடையாளம் தெரியாத ஆண். வயது சுமார் 60.*

"அப்படிப் போட்டாத்தாம்மா பில்லு பாஸாவும்" என்றார். இந்தத் தடவை அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

"நான் பேரோட புதைச்சேன். நீரு பேனாவ வச்சு அழிச்சிட்டீரே வே!"

'சார்' என்று அழைத்ததை விட்டு 'வே'க்கு இறங்கிவிட்டாள் என்பது வெளியே வந்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வருத்தப்படவில்லை.

அதன்பிறகு எட்டு தடவை அலைந்தாள். ஒவ்வொரு தடவையும் அரை நாள் வேலை போனது. ஒரு நாள் ஆள் இல்லை, ஒரு நாள் கம்ப்யூட்டர் இல்லை, ஒரு நாள் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். இசக்கிப்பாண்டி ஸ்டேஷன் பதிவின் நகலை எடுத்துக் கொடுத்தார். அதில் மாடன் பெயரும் அப்பா பெயரும் ஊரும் தெளிவாக இருந்தன. ஆதமும் இன்னும் நாலு பேரும் சாட்சி எழுதினார்கள். தை மாதத்தில் சான்று வந்தது. மாடன் என்று அச்சில் இருந்தது. அதன் கீழே, மனைவி பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு.

தங்கத்தாய் சான்றை மடித்து முந்தானையில் முடிந்தாள். பிறகு தபாலாபீஸ் எதிரே போய் ஒரு முழு வெள்ளைத்தாள் வாங்கினாள். இந்தத் தடவை மனுவில் இரண்டு கோரிக்கை. அந்தக் கோடு இருக்கிற இடத்தில் தன் பெயர் வர வேண்டும். தெரியாது என்று எழுதி வாங்குகிற தாளை இனி யாரிடமும் நீட்டக் கூடாது.

லாட்ஜ் மேனேஜர் குத்தாலிங்கம் கேட்டார்: "ஏட்டி, இதுல உனக்கு என்ன கெடைக்கப் போவுது? செத்தவரு வந்து வாசிக்கவா போறாரு?"

"நான் வாசிக்கேன்லா அண்ணாச்சி. நாளைக்கு நான் செத்தா, எடுக்க வார ஆதம் அண்ணாச்சிகிட்டயும் இதே தாளைத்தான நீட்டுவாவ?"

மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை. வருகிற திங்கட்கிழமைக்கும் குத்தாலிங்கத்திடம் லீவு சொல்லி வைத்திருக்கிறாள்.