மிக்ஸி மேல் போட்ட பழி

என் பேர் இளவேனில். பிறந்தது தொட்டியத்தில், வாழ்க்கைப்பட்டது ஸ்ரீரங்கத்தில். திருச்சியில் மின்சாரப் புகார்களைப் போனில் கேட்டுப் பதிவு செய்யும் ஒரு மையத்தில் வேலை. காதில் ஹெட்செட்டை மாட்டியதும் எனக்கு ஒரு தனிக்குரல் வந்துவிடும். "பதறாதீங்க. எல்லா ஸ்விட்சையும் அணைச்சுட்டு, மெயின் பெட்டியில கீழே விழுந்திருக்கிற டிரிப்பர் ஸ்விட்சைத் தூக்கி விடுங்க. அப்புறம் ஒவ்வொண்ணா போடுங்க. எதைப் போடும்போது விழுதோ அதுலதான் கோளாறு." ஃபியூஸ் கட்டை எது, பிளக் எது என்று கேட்டால் முழிப்பேன். ஆனால் அந்தக் குரலைக் கேட்பவர்களுக்கு, மேட்டூர் அணையில் கரண்ட் எடுப்பதே நான்தான் என்று தோன்றும்.

போன சித்திரையில் எங்கள் வீட்டு டிரிப்பரே விழ ஆரம்பித்தது. காலையில் சட்னி அரைக்க மிக்ஸியைத் தட்டினால், டப். ஃபேன், ஃபிரிட்ஜ், டிவி எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கிவிடும்.

"நீதான் ஊருக்கே வழி சொல்றவளாச்சே, பாரு" என்றார் கலையரசன். என் வீட்டுக்காரர், டவுன் பஸ்ஸில் கண்டக்டர்.

பார்த்தேன். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டேன். மிக்ஸியில் விழுந்தது. குற்றவாளி கிடைத்துவிட்டான்! ரிப்பேர் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்காரர் ஓட்டிக் காட்டி, "ஒண்ணும் இல்லைங்களே, புதுசு மாதிரி ஓடுது" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கே.கே. நகரில் இருக்கும் நாத்தனார் சுபஸ்ரீக்கு அதைத் தானம் பண்ணிவிட்டுப் புது மிக்ஸி வாங்கினேன். மறுநாள் காலை அதுவும், டப்.

அன்று சாயங்காலம் சுபஸ்ரீ போன் பண்ணி, "அண்ணி, மிக்ஸி அருமையா அரைக்குது" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டேன்.

வீட்டுக்குள் கோளாறு இல்லையென்றால் தெருவில்தானே இருக்க வேண்டும்? கம்பத்து லைனில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டினேன். புகார் கொடுக்க வேண்டும். ஆனால் நான் வேலை பார்க்கும் இடத்துக்கே நான் எப்படிப் போன் பண்ணுவது? மானம் போய்விடுமே. அந்த வார லீவு நாளில் கலையரசனின் போனை வாங்கி, தொண்டையைக் கனைத்து, வயசான குரலை வரவழைத்துக்கொண்டேன்.

"என் பேர் சந்திரம்மாளுங்க. ஸ்ரீரங்கம். லைன்ல கோளாறு. மிக்ஸி போட்டா டிரிப்பர் விழுது."

"பதறாதீங்கம்மா" என்றது எதிர்முனை. என்னோடு வேலை பார்க்கும் ஜெஸிமா. "எல்லா ஸ்விட்சையும் அணைச்சுட்டு..."

"அதெல்லாம் பார்த்தாச்சு!" என்று கத்திவிட்டேன். கத்தும்போது சந்திரம்மாள் காணாமல் போய்விட்டாள்.

"இளவேனில் அக்கா?"

"இல்லைங்க, சந்திரம்மாள்."

"சரிங்க சந்திரம்மாள் அக்கா" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "எப்பவும் விழுதா, காலையில மட்டுமா?"

"காலையில மட்டும்."

"மிக்ஸி போடுறதுக்கு முன்னாடி என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் இல்ல. எழுந்திருப்பேன், டீ குடிப்பேன், பால்கனியில செடிக்குத் தண்ணி ஊத்துவேன்..."

சொல்லும்போதே எனக்கு உறைத்தது. நான் தொட்டியத்துக்காரி. எனக்குத் தண்ணி ஊற்றுவது என்றால் வாழைக்கு மடை திறப்பதுதான். பால்கனிச் சுவரில் அடுக்கு ஸ்டாண்டில் ஜாதிமல்லி, கனகாம்பரம். அதற்கு நேர் கீழே பால்கனி லைட்டின் வயர் பெட்டி.

"செடிக்குக் கீழேதான் பால்கனி லைட்டோட வயர் பெட்டி. ஆனா அந்த லைட்டை நாங்க போடுறதே இல்லையே ஜெஸிமா!"

"அப்படியா சந்திரம்மாள் அக்கா? எதுக்கும் பெட்டியை நீங்க தொடாதீங்க. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க."

எலக்ட்ரீஷியன் ராமர் வந்து மெயினை அணைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். தண்ணீர் அவர் முழங்கை வரை வழிந்தது. ஒரு தவளை இருந்திருந்தாலும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

"லைட்டைப் போடாட்டியும் நியூட்ரல் வயர் உள்ளேதான் இருக்குங்க. ஜாயின்ட் நனைஞ்சு கரண்ட் கசியுது. மிக்ஸி மாதிரி பெருசா இழுக்கும்போது கசிவும் கூடும், டிரிப்பரைக் கீழே தள்ளிடும். மத்தியானத்துக்குள்ள காஞ்சிடுறதால அப்புறம் விழலை. டிரிப்பர் அது வேலையைத்தான் பார்த்திருக்கு. நல்லவேளை, யாரும் ஈரக்கையால தொடலை."

கடைசியில் சொன்னது எனக்கு உள்ளே சுருக்கென்றது. அந்தச் சுவரில் கைவைத்துத்தானே தினமும் செடிக்கு எக்குவேன்? ராமர் வயரை மாற்றினார். பெட்டியையும் தண்ணி புகாததாக வேறு இடத்தில் மாட்டினார். செடிகளை நானே எதிர்ப்பக்கம் தூக்கி வைத்தேன். கலையரசன் ஒரு தொட்டியைக்கூடத் தொடவில்லை; நாற்காலி போட்டு உட்கார்ந்து, டிக்கெட் இல்லாமல் ஏறியவளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மிக்ஸி ஓடியது. தேங்காய்ச் சட்னி. அவர் நாலு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்.

வேலைக்குப் போனால் ஹெட்செட்டோடு எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அன்றிலிருந்து அங்கே என் பேர் சந்திரம்மாள். சூப்பர்வைசர் அருள்நாதன் சார்கூட மறந்துபோய் அப்படித்தான் கூப்பிடுகிறார், நானும் மறந்துபோய் "சார்?" என்று திரும்பிவிடுகிறேன்.