மைசூர் மைன்ஸ் லைனில் ஓர் எருக்குழி

காலை ஏழரை மணிக்குப் பௌரிங்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கினேன். தங்கவயல் அங்கிருந்து பத்து மைல். போய்வர மாட்டு வண்டிக்கு ஒரு ரூபாய். வண்டிக்காரர் பூதிகோட்டைக்காரர், தமிழும் தெலுங்கும் கலந்து பேசினார். என் பையில் ஒரு துணி முடிச்சு இருந்தது. எங்கள் ஊரிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த முனுசாமியின் மனைவி கன்னியம்மாளுக்கு அவள் தாயார் கொடுத்தனுப்பியது.

முதல் எட்டு மைல் கேழ்வரகுக் கொல்லைகள். பிறகு புகைபோக்கிகள். தங்கம் எடுத்தபின் கொட்டிய ஆலை மணல் மேடு மேடாகக் கிடந்தது. அதில் ஒரு புல்கூட இல்லை.

பதினொரு மணிக்குக் கூலி லைனை அடைந்தோம். வரிசையாக மூங்கில் தட்டிக் குடிசைகள். ராத்திரி ஷிப்டு முடித்திருந்த முனுசாமி என்னை வரவேற்குமுன் கூடையோடு மாட்டின் பின்னால் போய் நின்றார்.

"இன்னாப்பா, மாட்ட அவுக்கறதுக்குள்ள சாணிக்கு வந்துட்ட!" என்றார் வண்டிக்காரர்.

"மாடு உன்னுது. கீழ வுழுந்தது என்னுது."

குடிசைக்குப் பின்னால் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டியிருந்தார். அடியில் காய்ந்த சருகு, மேலே சாணி, அதன்மேல் அடுப்புச் சாம்பல். காய்கறிச் செடிக்கு எரு. ஆனால் கன்னியம்மாள் கீரைத்தண்டையும் காய்கறித் தோலையும் எடுத்துக்கொண்டு, குழியைத் தாண்டிப் போய், பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டாள்.

"குழி இங்கேயே இருக்கிறதே, தங்கச்சி?" என்றேன்.

"எரு மக்க ஆறு மாசம் ஆவும்ணே. அதுக்குள்ள நாங்க ஊருக்குப் பூடுவோம். யாருக்கோ நான் இன்னாத்துக்கு எரு போடணும்?"

"மூணு வருசமா இதே பாட்டு," முனுசாமி சிரித்தார். "அன்னைக்கே போட்டிருந்தா இன்னிக்கு அண்ணனுக்குக் கத்திரிக்கா கொழம்பு."

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏரி ரொம்பிச்சாண்ணே?"

"இல்லை. நடுவிலே மாடு மேய்கிறது."

முடிச்சைக் கொடுத்தேன். உள்ளே சாம்பலில் புரட்டிய முள்ளுக்கத்திரி விதை. விரலால் கிளறிப் பார்த்துவிட்டு, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"நான் திரும்பி வந்து நடறதுக்குன்னு அம்மா கூர எரவாணத்துல சொருகி வச்சது இது. இன்னா சொல்லிக் குடுத்தாங்க?"

"ஊரிலே கிடந்தால் விதை செத்துப்போகும், அவள் இருக்கிற இடத்திலேயே போடட்டும் என்றார்."

"மழ வந்தா போலாம்மே," என்றார் முனுசாமி.

"உன்ன யாருன்னா கேட்டாங்களா?"

சாப்பிடும்போது கல் இடிக்கும் யந்திரத்தின் சத்தம் ஓயாமல் கேட்டது.

மூன்று மணிக்கு வண்டி பூட்டினார்கள். அவளுடைய தாயார் வீட்டுக் கொல்லையில் இரண்டு வருடத்து எரு மக்கிப் பொடியாகி, இறைக்கத் தண்ணீர் இல்லாமல் கிடக்கிறது. அதை நான் சொல்லவில்லை. கன்னியம்மாள் மத்தியானத் தோலைக் கூடையில் எடுத்துவந்தாள். ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தியது. அவள் குழியருகே உட்கார்ந்தாள்.

"இவ்ளோ சாம்பலக் கொட்டினா எரு இன்னாத்துக்கு ஆவும்?" என்று புருஷனைத் திட்டி, சாம்பலில் பாதியைக் கையால் வாரி எறிந்தாள். தோலைப் பரப்பினாள். அரிசி கழுவிய தண்ணீரைத் தெளித்து, மண்ணால் மூடினாள்.

வண்டி நகர்ந்ததும் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"அண்ணே, மொளச்சிடுச்சுன்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க."

விதை அவள் முந்தானையில் முடிந்தபடியே இருந்தது.