தாமுவின் தொப்பையை வெட்டியது யார்?

செய்தி வாட்ஸப்பில் படமாக வந்தது. 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்துக்குக் கீழே கோட் போட்ட ஒரு ஆள். அகன்ற தோள், ஒட்டிய வயிறு, கருகருவென்று மீசை. யாரோ கட்சிக்காரர் என்று தள்ளிவிடப் பார்த்தேன். பெயரைப் படித்த பிறகுதான் தெரிந்தது. என் தாமு! மாரடைப்பாம். முகத்தை மட்டும் வெட்டி எவன் உடம்பிலோ ஒட்டியிருந்தார்கள்.

பொம்மசந்திராவில் ஒரே கம்பெனியில் பதினெட்டு வருஷம் அவன் பக்கத்து லேத்தில் நின்றவன் நான். அவனை 'அவர்' என்று எழுத எனக்கு வராது. கூட வேலை செய்த எல்லோருக்கும் தெரியும், ஞாயிற்றுக்கிழமைகளில் தாமு ஆண்களை வரைவான். தொப்பை, ஆபரேஷன் தழும்பு, நின்று நின்று காலில் புடைத்த நரம்பு, எதையும் விடமாட்டான்.

என்னையும் சட்டையைக் கழற்றி உட்காரவைத்தான். நான் வயிற்றை எக்கிக்கொண்டேன். அவன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டான்.

"மூச்ச விடுடா சாமி! நீ இழுத்துப் புடிச்சினு இருந்தா நான் யார வரையறது?"

"அசிங்கமா இருக்குதுடா."

"உன் வூட்டுக்கே சோறு போட்ட ஒடம்புடா அது. அதுல என்னா அசிங்கம்?"

பொம்மனஹள்ளியில் ஒரு சங்கக் கட்டடத்தில் அந்தப் படங்களைக் கண்காட்சியாக வைத்தான். வந்தவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். "ஆம்பளைன்னா கம்பீரமா வரைய வேணாமா?" என்று ஒருவர் கேட்டார். "வேலை செய்றவன வரைஞ்சிருக்கேன் சார். ஆம்பளையா இல்லையான்னு அவனையே கேளுங்க" என்றான் தாமு.

அப்படிப்பட்டவன் வீட்டு வாசலில் பத்தடி உயர பேனராக அந்தப் போலி உடம்பு நின்றது. பேனர் அடித்த அவனுடைய அக்கா மகனைப் பிடித்துக் கேட்டேன்.

"எல்லாருக்கும் போடுற ரெடிமேட் பாடிதான் அங்கிள். ஒரிஜினல் போட்டோல தொப்பை தெரியுது. நாலு பேர் பாக்குற எடத்துல கெத்தா இருக்க வேணாமா?"

"கெத்தா? செத்த பிறகும் அவன வயித்த எக்க வெச்சிட்டீங்களேடா!" சாவு வீடு என்றும் பாராமல் கத்திவிட்டேன்.

தாமுவின் மனைவி மல்லிகா வெளியே வந்தாள். "அண்ணா, அவன ஏன் திட்றீங்க? கண்காட்சில உங்க படத்த வெக்காதேன்னு கெஞ்சினது யாரு?"

கெஞ்சியது நான்தான். சம்பந்தி வீட்டார் பார்த்தால் மானம் போகும் என்றேன். தாமு படத்தைச் செய்தித்தாளில் சுற்றிக் கையில் கொடுத்தான். என் வீட்டு லாஃப்டில் அது ஆறு வருஷமாகக் கிடந்தது. அந்தப் பையன் பேனரில் செய்ததை நான் தாமு உயிரோடு இருக்கும்போதே செய்திருக்கிறேன். யாரைத் திட்டுவது?

அன்றே படத்தை இறக்கி, தூசி தட்டி, ஹாலில் டிவிக்கு மேலே மாட்டினேன். அவன் ஞாபகமாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். நேற்று சம்பந்தி வந்தார். நிமிர்ந்து பார்த்து முகம் சுளித்தார்.

"யாருங்க இது, இவ்ளோ தொப்பையோட?"

"நான்தான்" என்றேன், வயிற்றை எக்காமல்.