மிளகுக் களத்தில் கோல்ஃப்

என் மருமகள் ஏன் சுவரோடு பின்புறத்தை ஒட்டிக்கொண்டு குனிந்து நின்றாள் என்று உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டுமா? அடுப்பில் உலை என்ன ஆயிற்று என்று பார்க்காமல் அடுத்த வீட்டுச் சங்கதி கேட்க வந்துவிட்டீர்களே, வெட்கமாக இல்லை? சரி, வந்தது வந்துவிட்டீர்கள். சொல்லாவிட்டால் எனக்குத்தான் தூக்கம் வராது.

மகனும் மருமகளும் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். அங்கே ஒரு கோல்ஃப் மைதானத்தில் பந்து பொறுக்குவது அவள் வேலை. பெரிய வீட்டுக்காரர்கள் நீளக் குச்சியால் அடித்துத் தள்ளுவார்கள், இவள் கூடையோடு பின்னால் போவாள். பொறுக்கிப் பொறுக்கி, ஆள் இல்லாத நேரத்தில் அடிக்கவும் பழகிக்கொண்டாள். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் நானும் வருகிறேன் என்று கேட்டிருக்கிறாள். பயிற்சி கொடுப்பவர் அடிக்கவிட்டுப் பார்த்திருக்கிறார். ஒரு பந்தும் நேராகப் போகவில்லை. "தரை மட்டமா இருக்குதும்மா, நீதான் சாஞ்சு நிக்கிறே. பொங்கல் கழிச்சு வா, இன்னொரு தடவை பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்.

பொங்கலுக்கு மலைமேல் எங்கள் ஊருக்கு ஏறி வந்தவள் கையில் கரும்பு இல்லை, ஒரு பழைய கோல்ஃப் குச்சி இருந்தது. மரவள்ளிக் காட்டுச் சரிவில் போய் நின்று வீசிப் பார்த்தாள். மேட்டுப் பக்கத்து முட்டி மடங்கியது, பள்ளத்துப் பக்கத்துத் தோள் இறங்கியது. சரிவில் நின்றால் வேறு எப்படி நிற்பது? எங்கள் ஊரில் மட்டமான இடம் என்றால் என் மிளகுக் களம் ஒன்றுதான்.

"அத்தை, களத்தைக் குடுங்க."

"மொளகு காயோணும் கண்ணு. உன்ற குச்சியக் காயவெச்சா யாவாரி வாங்குவானா?"

"பாதிக் களம் போதுமுங்க."

பாதி கொடுத்தேன். மீதிப் பாதியில் நின்று மிளகைக் கிளறிக்கொண்டிருந்தேன். திடீரென்று குச்சியைக் கீழே போட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

"அத்தை, அப்படியே நில்லுங்க. அசையாதீங்க."

"ஏன், பாம்பா?"

"இல்லீங்க. சிமெண்டுத் தரையில நின்னுக்கிட்டு முட்டிய மடக்கி வெச்சிருக்கறீங்க. ஒரு தோளு எறங்கிக் கெடக்குது. நானும் இப்படித்தான் நின்னிருக்கறேன்."

குனிந்து பார்த்தேன். மேடு இல்லாத இடத்தில் என் கால் மேடு ஏறிக்கொண்டிருந்தது. எத்தனை வருஷமாகவோ யார் கண்டது. என்னைப் பார்த்து ஒருத்தி தன் கோணலைக் கண்டுபிடித்தாள் என்றால் பெருமைதானே.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம், சாயாமல் நிற்கப் பழக வீட்டுச் சுவர்தான். முதுகை வளைக்காமல் இடுப்பில் மட்டும் மடங்க வேண்டும், இரண்டு காலிலும் பாரம் ஒன்றாக இருக்க வேண்டும், பின்புறம் சுவரை விடக் கூடாது. எனக்கும் ஆசை வந்து பக்கத்தில் போய் நின்றேன். குச்சி வீசுவதற்கு இன்னொரு ஏற்பாடு. களத்தோரத்து மரத்திலிருந்து தரை வரைக்கும் சாய்வாக ஒரு கயிறு கட்டினாள். குச்சி ஏறும்போதும் இறங்கும்போதும் அந்தச் சாய்விலேயே கயிற்றைத் தொடாமல் ஓட வேண்டுமாம். தொட்டால் தெரியட்டும் என்று கன்றுக்குட்டியின் மணியை அவிழ்த்து அதில் கட்டிவிட்டேன். முதல் நாள் மணி ஓயவே இல்லை. பசு கன்றைத் தேடிக் கத்தித் தீர்த்தது. நாள் போகப் போக மணி அடங்கியது, பசுவும் அடங்கியது.

பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்கக்கா, ஊட்டுச் செவுரு உழுகப் பாக்குதா? மாமியாளும் மருமகளும் முட்டுக் குடுத்துக்கிட்டு நிக்கறீங்க?"

"ஆமா. அந்த மூலைக்குத்தான் ஆளில்லை, வாரியா?"

கிளம்பும் நாளில் மருமகள் முகம் வாடியிருந்தது.

"இந்தத் தடவையும் கோணிக்கிட்டுப் போச்சுன்னா, காலத்துக்கும் கூடைதானுங்க அத்தை."

நான் கேலி பேசவில்லை. எனக்கே அது புதுசு. "மணி சத்தம் கேக்காம அடிச்சதை நான் பாத்திருக்கறேன், போ சாமி" என்றேன்.

நாலைந்து நாள் கழித்துப் போன் வந்தது.

"அத்தை, எடுத்துக்கிட்டாங்க. ஞாயித்துக்கெழம மட்டும் புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கோணும். மத்த நாளு பந்து பொறுக்கறதுதானுங்க."

"எல்லாம் நேராப் போச்சா?"

"ரெண்டு மூணு கோணிக்கிட்டுத்தான் போச்சு. ஆனா சாயாம நின்னேன்னு பயிற்சி குடுக்கறவரே சொன்னாருங்க."

அந்த வாரம் செம்மேட்டுச் சந்தையில் பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பிடித்துக்கொண்டாள். கூட இன்னும் இரண்டு பேர்.

"மருமகளுக்கு என்ன வேலைங்கக்கா?"

"டீச்சரு."

"என்ன பாடமுங்க?"

"குனியறது."

மூன்று பேரும் சிரித்தார்கள். "குனியறதுக்குச் சம்பளமா? நாங்க பொழுதன்னிக்கும் காட்டுல குனிஞ்சுதானுங்க கெடக்கறோம்."

"நீங்க குனியறது கோணலு. அதுக்கு யாரு குடுப்பாங்க?"

அன்று சாயங்காலம் மாட்டைப் பிடித்துக் கட்டப் போனேன். பக்கத்து வீட்டுக்காரி தன் வீட்டுச் சுவரோடு ஒட்டிக் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எதையோ கீழே தேடுகிறவள் மாதிரி கையை ஆட்டினாள். நான் நிற்காமல் போகிற போக்கில் சொன்னேன்.

"முட்டி மடங்குது பாரு கண்ணு. இப்படி நின்னா ஞாயித்துக்கெழம வேலை கூடக் கெடைக்காது."